குப்பை வண்டியில் என் பெயர்

1

போன வாரம் என் முழங்கைக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதம் வந்தது.

நான் வேலை பார்க்கும் நூலகம் வருடத்துக்கு ஒருமுறை சிறிய மலர் ஒன்று போடும். இந்த வருட மலரில் குழந்தைகள் உட்கார்ந்து கதை கேட்கும் படம். அதன் ஓரத்தில், கதவையொட்டி, ஒரு முழங்கையும் ஒரு மாப்புக் குச்சியும் தெரிகின்றன. முழங்கை என்னுடையது. மாப்பு அவர்களுடையது. முழங்கையை அச்சிட எனக்குச் சம்மதமா, சம்மதமில்லையென்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறோம், பிறகு மனம் மாறினாலும் தெரிவிக்கலாம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இரண்டு பக்கத்தையும் வாசித்து முடிக்க ஒரு சாயங்காலம் போயிற்று. என் உடம்பின் எந்தப் பாகத்துக்கும் இவ்வளவு மரியாதை இதற்கு முன் கிடைத்ததில்லை.

அயர்லாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நானாக வரவில்லை. என் மனைவி செல்வி நர்ஸ். ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டது. அவளுடைய பெட்டிகளோடு நானும் வந்து சேர்ந்தேன். அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் லேத் இல்லை. துடைக்கத் தரை நிறைய இருந்தது.

இங்கே உள்ள ஒழுங்கைப் பற்றி ஊரில் யாரிடம் சொன்னாலும் அளக்கிறான் என்பார்கள். நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது. ஒரு புத்தகத்தில் ஓர் அத்தியாயத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. யாரும் பார்க்காவிட்டாலும் எடுக்க மாட்டார்கள். அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. ஊர் மன்றத்து உறுப்பினர்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்ற தாள் அறிவிப்புப் பலகையில் இருக்கும். ஒருவர் கார் நிறுத்திய சீட்டு ஒன்றை மறதியாக இரண்டு தடவை கணக்கில் வைத்துவிட்டார். ஊரே மூன்று வாரம் அதைப் பேசியது. அவர் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தையும் அதே பலகையில் குத்தி வைத்தார்கள். அந்த மூன்று வாரமும் பலகையைத் துடைக்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

உடனே இங்கே எல்லாரும் உத்தமர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரிதாகத் தப்புச் செய்கிறவர்கள் முதலில் விதியை மாற்றுகிறார்கள், பிறகு செய்கிறார்கள். சீட்டெல்லாம் சரியாக இருக்கும். நம் ஆட்கள் அவசரக்காரர்கள். முதலில் செய்துவிட்டு அப்புறம் சீட்டுக்கு அலைகிறார்கள்.

முழங்கைக் கடிதத்தைப் பார்த்து செல்வி ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் பூந்தமல்லிக்காரி.

"ஒரு முட்டிக்கைக்கு ரெண்டு பக்கம் எழுதிக்கீறாங்கோ. அங்க உன் பேரத் தெருத் தெருவா கூவினாங்களே, அதுக்கு எவனாவது ஒரு துண்டுச் சீட்டு குடுத்தானா?"

குடுக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

நான்கு வருடத்துக்குப் பிறகு இந்த முறை ஊருக்குப் போனேன். செல்விக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மகள் காவ்யாவுக்குப் பதினாறு வயது; அவளுக்கு அங்கே வர நேரமே கிடைக்காத வயது. தனியாகப் போய் மண்ணூர்பேட்டையில் என் அக்கா தனலட்சுமி வீட்டில் இறங்கினேன்.

முதல் நாள் காலை. தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் பாயில் கிடக்கிறேன். தெருவிலிருந்து அக்காவின் குரல் உரக்கக் கேட்டது: "டேய் ஏகாம்பரம்! மோட்டர நிறுத்துடா! டேங்க் ரொம்பி ஊத்துது பாரு!"

எழுந்து ஓடினேன். வேட்டி எங்கே என்றுகூடப் பார்க்கவில்லை. சுவிட்சைத் தட்டினேன். மோட்டார் அதுவரை ஓடவேயில்லை. நான் தட்டியதில் இப்போதுதான் ஓடத் தொடங்கியது. மறுபடி அணைத்தேன். மறுபடி தெருவில் அதே குரல், அதே வார்த்தை. எட்டிப் பார்த்தால் குப்பை வண்டி. அக்கா ஓட்டுகிறாள், வாயைத் திறக்கவில்லை. வண்டியின் ஒலிபெருக்கிதான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஒன்பது வருடமாகக் குப்பை வாருகிறாள். ஒன்பது வருடமும் ஒவ்வொரு வருடமாகத்தான் வேலை. வருடம் முடிந்ததும் ஒப்பந்தக்காரர் புதுப் பட்டியல் போடுவார். அதில் பெயர் இருந்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் காரணம் கேட்க ஆள் கிடையாது.

நான்கு வருடத்துக்கு முன், போன தடவை நான் ஊரில் இருந்த சமயம், பேட்டரி வண்டிகள் வந்தபோது ஒலிபெருக்கியும் சேர்ந்து வந்தது; அதில் போடப் பேச்சு வரவில்லை. சூப்பர்வைசர் முரளி அக்காவிடம், "நீதான் நல்லா கத்துவியேக்கா, ஒன்னு பேசிக் குடு, நம்ம வண்டிக்கு மட்டும்" என்றான். வாசகம் எழுதியது நான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தாக எழுதி, கண்ணாடி இல்லாமல் அக்கா படிப்பதற்காக இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் அவள் போன். பேச்சு இதுதான்:

"அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே! மக்கும் குப்பையைத் தனியாகவும் மக்காத குப்பையைத் தனியாகவும் பிரித்துக் கொடுங்கள். வண்டி உங்கள் வாசலில் நிற்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தெருமுனையில் கொட்டாதீர்கள்."

இதுவரை என் படைப்பு. மோட்டார் பற்றிய கடைசி வரி அக்காவின் சொந்தச் சரக்கு. தொட்டி வழிவதை அவள் பார்த்தாள், திட்டினாள், போன் அதையும் பிடித்துக்கொண்டது. அந்த வாலை வெட்டிவிட்டுப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். வெட்ட வேண்டுமென்றால் யாராவது ஒருமுறை கடைசி வரை கேட்டிருக்க வேண்டும். நம் அலுவலகங்களில் அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டி, ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டம் என்று அப்படியே நகல் எடுத்துவிட்டார்கள். ஓர் அத்தியாயம் மட்டும் என்ற விதியெல்லாம் அங்கே கிடையாது.

3

புகழ் எப்படிப்பட்டது என்பது நசரத்பேட்டையில் தெரிந்தது. எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த நண்பனைப் பார்க்கப் போய், நெடுஞ்சாலையோர டீக்கடையில் அவனுக்காகக் காத்து நின்றிருந்தேன். குப்பை வண்டி வந்தது. என்னைத் திட்டிவிட்டுப் போனது.

டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார், "நாலு வருசமா அந்தம்மா கத்தினுகீது. அந்த ஏகாம்பரம் சோமாரி மோட்டர நிறுத்தறானா பாரேன்."

"காது கேக்காதோ இன்னாவோ" என்றார் பெஞ்சில் இருந்தவர்.

"காதெல்லாம் நல்லா கேக்கும், தலீவரே. திமிரு. நம்மூட்ல கூட டேங்க் ரொம்பினா என் பையன் 'ஏகாம்பரம் வேல பண்ட்டாம்பா'ன்னுதான் சொல்றான்."

"உங்க பேரு இன்னா சார்?" என்று மாஸ்டர் என்னிடம் கேட்டார். நண்பன் வந்து தேடினால் சொல்வதற்காகத்தான் கேட்டார். நான் டீயை வைத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, பேரைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நான்கு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவன் நான். அயர்லாந்தில் இந்தக் குணம் ரொம்ப வசதி. எது நடந்தாலும் 'ஸாரி' என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச வேண்டிய இடங்களில் பத்து வயதிலிருந்து காவ்யாதான் எனக்காகப் பேசுகிறாள். இப்போது அவளுக்கு அதில் வெட்கம். பள்ளிக்கூட வாசலில் என்னோடு நிற்கும்போது இரண்டடி தள்ளி நிற்கிறாள்.

4

நான் திரும்புவதற்குப் பத்து நாள் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை முரளி வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு தாளோடு.

"யக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. வெள்ளிக்கெழம ஆடிட் வருது."

"இன்னாடா இது?"

"நீ வண்டிக்குப் பேசினதுக்கு ரசீது."

"நாலு வருசம் கழிச்சா?"

தாளை நான் வாங்கிப் படித்தேன். குரல் கலைஞர், பெண், வெளியூர். ஸ்டுடியோ வாடகை, இரண்டு நாள். ஒத்திகை. பின்னணி இசை. தங்குமிடம். போக்குவரத்து. பொன்னாடை. தேநீர். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. கீழே, 'மேற்கண்ட தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்.' பெயர் போடுகிற இடம் மட்டும் காலி.

வண்டி நிற்கும் கொட்டகை அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பின்னணியில் கேட்ட ஒரே இசை மோட்டார்.

"பொன்னாடையா?" என்றாள் அக்கா. "எங்கடா அது? பொங்கலுக்கு ஒரு துண்டு குடுத்தியே, அத்தயா சொல்ற?"

"பேப்பர்ல அப்டித்தான்கா வரும். எனக்கு ஒன்னியும் தெரியாது. மேலேர்ந்து எழுதி அனுப்பிகீறாங்கோ. காசு அப்பவே எடுத்துட்டாங்கோ, ரசீது மட்டும் இல்ல. ஆடிட்டுல அந்தக் கலைஞர கூப்புடுன்னு கேட்டா, உன் கொரலத்தான காட்ட முடியும்?"

"போடலன்னா?"

முரளி செருப்பைப் பார்த்தான். கெட்டவன் இல்லை. அவனுக்கும் வருடா வருடம்தான் வேலை.

"அடுத்த மாசம் புது லிஸ்டு. நா இன்னா சொல்றது. நீயே பாத்துக்கோ."

அவன் போனதும் நான் நூலகத்துக்காரனாகிவிட்டேன். "போடாதக்கா. பொய் ரசீது. அது தப்பு" என்றேன்.

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீ ஏரோப்ளேன் ஏறிப் பூடுவ. நா காலைல வண்டி ஏறணும். ஒம்போது வருசத்துல இப்பத்தான் தொடப்பத்தவுட்டு சீட்டுல குந்திகினு போறேன். முட்டி தேஞ்சி போச்சி. லிஸ்ட்ல பேரு இல்லன்னா உன் தப்பு சரியெல்லாம் வந்து எனக்குச் சோறு போடுமா?"

என் நேர்மைக்குச் செலவு அவளுடையது. நம் ஊர் ஒழுங்கைப் பற்றி வெளிநாட்டிலிருந்து வந்து பேசுகிற எல்லாருடைய நேர்மையும் அப்படித்தான். பில் வேறு யாருடைய பெயரிலோ இருக்கும்.

5

அன்றைக்குக் காவ்யா போன் பண்ணினாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் அவளுடைய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது. எதையாவது நீளமாகப் பேசினால்தான் ஒட்டியிருக்கும் என்பதற்காக எல்லாவற்றையும் சொல்வேன். இதையும் சொன்னேன். ஒலிபெருக்கிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தைகிட்ட கேட்டாங்களா?" என்றாள்.

"என்ன கேட்கிறது?"

"எல்லா வண்டியிலயும் போடலாமான்னு."

"இல்லம்மா. அதெல்லாம் யாரு கேப்பாங்க."

"உன்கிட்ட கேட்டாங்களா? நீதானே எழுதின?"

"அது குப்பையப் பத்தி நாலு வரி, காவ்யா."

"நாலு வரின்னா என்னப்பா? அது உன்னோடது. அத்தை வாய்ஸ் அத்தையோடது. நீ போய்ச் சொல்லு. இந்த டைம் நான் வந்து பேச முடியாதுப்பா."

கடைசி வார்த்தையை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னாள். அதனால்தான் அது குத்தியது.

6

வெள்ளிக்கிழமை அக்கா அந்தத் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கையெழுத்துப் போடவுமில்லை, போட மாட்டேன் என்று சொல்லவுமில்லை. வட்ட அலுவலகத்துக்குத் துணையாக நானும் போனேன்.

தணிக்கை அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, கூடையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டிருந்தார். வண்டிப் பேச்சின் செலவுக் கணக்கு வந்தது.

"குரல் கலைஞர் எங்கே?"

"இவங்கதான் மேடம்" என்றான் முரளி.

அதிகாரி அக்காவின் பச்சைக் கோட்டைப் பார்த்தார். "வெளியூர்னு போட்டிருக்கு?"

"அப்ப வெளியூர்ல இருந்தாங்க மேடம்."

"பதிவைக் கேட்கலாமா?"

யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. பில்லைப் பார்ப்பவர்கள் பொருளையும் பார்ப்பது நம் வழக்கம் இல்லையே. வாசலில் நின்ற வண்டியில் போட்டார்கள். அதிகாரி எழுந்து வந்து கடைசி வரை நின்று கேட்டார். நான்கு வருடத்தில் வேலையாக நினைத்து அதைக் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

"ஏகாம்பரம் யாரு?"

வராந்தாவில் இருந்த எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

முரளிக்குத்தான் முதலில் உயிர் வந்தது. "ஸ்டுடியோல மிஷின் பாக்கறவரு, மேடம்."

"ஸ்டுடியோவுல டேங்க் எதுக்கு?"

"ஏசிக்குத் தண்ணி, மேடம்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "இங்க பாருங்கம்மா. ரசீதுல கையெழுத்துப் போட்டா இவ்வளவும் வாங்கினது நீங்கதான். நாளைக்குத் திருப்பிக் கட்டச் சொன்னா நீங்கதான் கட்டணும், வேற யாரும் இல்ல. புரியுதா? போடறீங்களா?"

பேனாவை நீட்டினார். அக்கா இடுப்பிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்து, மடிப்பை நீவினாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொல்லியிருப்பாள், நானும் சந்தோஷமாகத் திறக்காமல் இருந்திருப்பேன். அவள் பேனாவை வாங்கினாள்.

பள்ளிக்கூடத்தில் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன். "ஸாரி" என்றேன். அதற்கு மேல் யாரும் எனக்காகப் பேசவில்லை. நானே பேச வேண்டியதாயிற்று.

"நான்தாங்க ஏகாம்பரம்."

"நீங்க எந்த ஸ்டுடியோ?"

"எங்க அக்கா வீட்டுக் கொல்லைங்க. துணி துவைக்கிற கல்லுகிட்ட. அவங்க பேசினாங்க. நான் தாளைப் புடிச்சிகினு இருந்தேன். அதனாலதான் மோட்டர நிறுத்த முடியல."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "எழுதினது யாரு?"

"நானுங்க."

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவதுங்க."

"தப்பில்லாம எழுதியிருக்கீங்க. இதுக்கு ரெண்டு பேரும் ஏதாவது வாங்கினீங்களா?"

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது. "அன்னைக்கு முரளி ஒரு டீ வாங்கிக் குடுத்தாருங்க."

அதிகாரி பேனாவை அக்காவிடமிருந்து திரும்ப வாங்கினார். ஸ்டுடியோவில் தொடங்கிப் பொன்னாடை வரை ஒவ்வொரு வரியாக நிதானமாகச் சுழித்தார். 'தேநீர்' என்ற இடத்தில் ஒரு சரி போட்டார். அந்தத் தாளில் உண்மை அது ஒன்றுதான். பிறகு ஓரத்தில் எழுதினார்: குரலுக்கு உரியவரிடம் எழுத்தில் சம்மதம் பெறும்வரை இந்தப் பதிவைப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டு வாசலில் அக்கா செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "அந்த டீயக்கூட நீதான்டா குட்ச்ச. எனக்கு ஒரு வாய் குடுக்கல."

7

நான் திரும்பி வந்த பிறகு புதுப் பட்டியல் வந்தது. அக்காவின் பெயர் இருந்தது. தணிக்கைத் தாளில் ஏறிவிட்ட பெயரை அடிக்க யாருக்கும் துணிவு வரவில்லை போலிருக்கிறது. ஆனால் மண்ணூர்பேட்டை வண்டி இல்லை. ஒப்பந்தக்காரருக்கு ஆவடிப் பக்கமும் வேலை உண்டு. பட்டாபிராமில் துடைப்பம். விதிப்படி இடமாற்றம், எந்தக் குறையும் சொல்ல முடியாது. நம் ஆட்களும் விதியைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

இருட்டில் பட்டரவாக்கம் வரை நடந்து, முதல் ரயிலைப் பிடித்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, அங்கேயிருந்து போன் பண்ணுவாள். "உன்னாலதான்டா" என்று தொடங்குவாள். நான் கேட்டுக்கொள்வேன். காவ்யா ஒரு நாள் போனை வாங்கி, "ஸாரி அத்தை, நான்தான் அப்பாவைப் பேசச் சொன்னேன்" என்றாள். "நீ நல்லாரு கண்ணு, உன் அப்பன சொல்றேன்" என்றாள் அக்கா.

இதற்கிடையில் வண்டிகள் ஊமையாகிவிட்டன. ஊமை வண்டி வந்துபோவது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. குப்பை தெருமுனைக்குப் போயிற்று. புகார் மேலே போயிற்று. வேறு பெண்ணை வைத்துப் பதிவு செய்து பார்த்தார்கள். அந்தக் குரலுக்கு யாரும் வெளியே வரவில்லையாம். நான்கு வருடமாகத் திட்டு கேட்டுப் பழகிய ஜனம்.

போன மாதம் முரளி ஒரு சம்மதப் படிவத்தோடு அக்கா வீட்டுக்குப் போனான். படிவத்தை அவள் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் வாசித்துச் சொன்னேன்: எனது குரலை எவ்விதக் கட்டணமும் இன்றி, நிரந்தரமாகப் பயன்படுத்திக்கொள்ள முழுமனதுடன் சம்மதிக்கிறேன்.

"நெரந்தரமான்னா?"

"எப்பவும். அவங்க இருக்கிற வரைக்கும்."

"சரி, வையி" என்று துண்டித்துவிட்டாள். மூன்று வாரம் படிவத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். முரளி நான்கு தடவை வந்துபோனான். நேற்று அக்கா போன் பண்ணினாள். பின்னால் ரயில் சத்தம் இல்லை.

"எங்கக்கா இருக்க?"

"மண்ணூர்பேட்டைலதான். வண்டிலதான் குந்திகினுகீறேன். மொதல்ல பழைய வண்டிக்கே ஆர்டர் குடு, அப்பறம் கையெழுத்துன்னேன். இன்னிக்குக் காலைல கொண்ணாந்து குடுத்தான்."

"அப்போ கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டேன். அந்த நெரந்தரமான்னு இருந்துச்சே, அத்த அட்ச்சிட்டு ஒரு வருசம்னு எழுதுடான்னேன். 'இன்னாக்கா, வருசா வருசம் உன்னாண்ட வந்து நிக்கணுமா'ன்றான். 'எனக்கு ஒம்போது வருசமா வருசா வருசந்தானடா குடுக்கறீங்கோ, என் கொரலு மட்டும் உங்களுக்கு நெரந்தரமா'ன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"இன்னா சொல்லுவான்? பேனாவ எடுத்து எழுதினான்."